அவர் சொன்ன விலை

"கடைசி விலை என்ன?"

வணக்கம் கிடையாது, யார் எவர் என்று கிடையாது. காலையிலிருந்து பதினோரு பேர் கைப்பேசியில் இதையே கேட்டு அனுப்பியிருந்தார்கள். முதல் விலையை ஒருத்தரும் கேட்கவில்லை, அதற்குள் கடைசி விலை! சாப்பிட உட்காரும் முன்பே ஏப்பம் விடுகிற ஆட்கள். தையல்காரம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பன்னிரண்டாவதாக வந்ததையும் படித்தாள். "இன்னும் இருக்கா?" என்றது அது. "இருக்கு" என்று ஒற்றை விரலால் தட்டி அனுப்பினாள். உடனே பதில் வந்தது: "கடைசி விலை?"

விற்க வைத்திருந்தது அவள் கணவருடைய டிரம் செட். பெரியதும் சின்னதுமாக ஐந்து டிரம், நான்கு பித்தளைத் தட்டு, கால்வைத்து மிதிக்க ஒரு மிதி, உட்கார ஒரு வட்ட முக்காலி. முப்பது வருடம் ஒரு பாட்டுக்குழுவில் வாசித்தவர் அவர். கல்யாண மண்டபம், ஹோட்டல், கம்பெனி ஆண்டு விழா என்று எங்கே கூப்பிட்டாலும் குழு போகும். குழுவில் அவருக்கு டமாரம் என்று பெயர். அவர் போய் எட்டு மாதம் ஆகிறது. வெளியூரில் இருக்கும் மகள் போன வாரம் வந்து பின்னறையில் எல்லாவற்றையும் படம் பிடித்து, விற்பனைக்கு என்று கைப்பேசியில் போட்டுவிட்டுப் போனாள்.

விற்காமல் முடியாது. தையல்காரம்மாவின் வலது முழங்கால் தேய்ந்துவிட்டது. காலால் மிதிக்கிற தையல் மெஷினை இனி தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இரண்டு தெரு தள்ளி ஒருவர் கடையைக் கட்டிவிட்டுப் போகிறார். அவருடைய மோட்டார் மெஷின் பதினெட்டாயிரத்துக்குக் கிடைக்கும், வெள்ளிக்கிழமை வரைக்கும் யாருக்கும் தரமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார். அது கைக்கு வந்தால் பள்ளிச் சீருடை ஆர்டர் ஒன்று காத்திருக்கிறது. வராவிட்டால், முப்பத்து நான்கு வருடமாக ஜன்னலோரம் ஓடிய தொழில் அத்தோடு சரி. மகள் வீட்டில் போய் ஒரு மூலையில் துணி மடித்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். மகள் நல்லவள்தான். ஆனாலும் அந்த மூலையை நினைக்கவே தையல்காரம்மாவுக்குப் பிடிக்கவில்லை. கையில் சேமிப்பு பதினோராயிரம் இருந்தது. மீதி ஏழு டிரம்ஸில் வர வேண்டும்.

விலை போட்டது தையல்காரம்மாதான். அதில் ஒரு கணக்கு இருந்தது. ஒவ்வொரு சாமானும் வீட்டுக்குள் வந்த நாள் அவளுக்கு நினைவிருக்கிறது, அன்று அவர் சொன்ன விலையும் நினைவிருக்கிறது. ஐந்து டிரம்மும் சேர்த்து மூவாயிரம். சின்னத் தட்டு முந்நூறு, அதற்கு அடுத்தது நானூறு. எல்லாவற்றிலும் பெரிய தட்டு, அவர் உயிரையே வைத்திருந்த தட்டு, ஆயிரத்து இருநூறு. அந்த ஆயிரத்து இருநூறைச் சொல்லும்போதுகூட அவர் தலையைச் சொறிந்துகொண்டுதான் சொன்னார். எல்லாம் கூட்டினால் ஆறாயிரத்தைத் தொடாது. காலம் மாறிவிட்டது, எல்லாம் விலை ஏறிவிட்டது என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டு ஒன்பது என்று போட்டாள். போட்டுவிட்டு, வாங்கின விலைக்கு மேல் லாபம் பார்க்கிறோமே என்று இரண்டு நாள் உறுத்தலாகக்கூட இருந்தது. கேட்டீர்களா கதையை!

திங்கட்கிழமை பழைய வாத்தியக் கடைக்காரர் நேரில் வந்தார். மெல்லிய மீசை, கையில் சின்ன டார்ச். அறைக்குள் நுழைந்ததிலிருந்து அவர் முகத்தில் துக்கம் தவிர வேறொன்றும் இல்லை. டார்ச்சை அடித்து ஒவ்வொரு டிரம்முக்குள்ளும் பார்த்து நாக்கைச் சப்புக்கொட்டினார்.

"தோல் எல்லாம் போச்சும்மா. மரம் வாயைப் பிளந்திருக்கு. தட்டைப் பாருங்க, கறுத்துப் போய்ப் பாசி பிடிச்ச மாதிரி இருக்கு. இதை யாரு வாங்குவா? உங்களுக்கு இடத்தை அடைக்குது, அதுக்காக எடுத்துட்டுப் போறேன். மூணு தரேன்."

"மூணா? அந்த உறையைத் தைச்ச கூலியே அதுக்கு மேல வரும், கடைக்காரரே."

அது உண்மைதான். ஒவ்வொரு டிரம்முக்கும் பஞ்சு வைத்து, இரண்டு அடுக்குத் துணியில், ஜிப் போட்டு உறை தைத்தவள் அவள். கல்யாண ஆர்டர்களில் மிச்சமான துணிகள்: பெரிய டிரம்முக்குப் பச்சை, சின்னதுகளுக்கு ஊதா. குழுவில் மற்றவர்களெல்லாம் கயிறு கட்டி மூட்டையாகத் தூக்கி வருவார்கள். டமாரத்தின் சாமான்கள் மட்டும் மாப்பிள்ளை மாதிரி வந்து இறங்கும் என்று எல்லோரும் கேலி செய்வார்கள்.

பேரத்தில் தையல்காரம்மாவும் சாமானியப்பட்டவள் அல்ல. தைத்த சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கூலியைக் குறைக்கச் சொல்கிறவர்களை முப்பத்து நான்கு வருடம் பார்த்தவள். ஒன்பதிலேயே நின்றாள். அவர் மூன்றிலிருந்து நாலுக்கு வந்தார், வாசல் வரை போய்த் திரும்பி வந்து ஐந்து என்றார், செருப்பைப் போட்டுக்கொண்டு ஆறு என்றார். கடைசியில் ஏழுக்கு முடிந்தது. ஐந்நூறை முன்பணமாகக் கையில் வைத்துவிட்டு, நாளைக் காலை வேனோடு வருகிறேன் என்று போனார். போகும்போதும் துக்கம்தான். அவள் மட்டும் கதவைச் சாத்திவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். ஆறுக்கு வாங்கியதை ஏழுக்கு விற்றாகிவிட்டது, மெஷினும் வந்துவிட்டது. "பாத்தீங்களா என் சாமர்த்தியத்தை" என்று சுவரில் இருந்த படத்தைப் பார்த்துச் சொன்னாள்.

சாயங்காலம் ஒரு எலுமிச்சம்பழத்தை அரிந்து, உப்புத் தொட்டுக்கொண்டு பின்னறைத் தரையில் உட்கார்ந்தாள். பாசி பிடித்திருக்கிறது என்று அந்த மனிதர் சொன்னது அவளுக்குப் பொறுக்கவில்லை. அவள் வீட்டுப் பித்தளை எதுவும் கறுத்து இருந்ததில்லை. பெரிய தட்டை மடியில் வைத்துக்கொண்டு பழத்தை ஓரத்தில் அழுத்தினாளோ இல்லையோ, வாசல் பக்கமிருந்து ஓர் அலறல்.

"அண்ணி! பழத்தைக் கீழ வைங்க! ஐயோ, கீழ வைங்கன்னு சொல்றேன்ல!"

குழுவில் கீபோர்டு வாசித்தவர். டமாரத்தைவிட நான்கு வயது இளையவர். சாமான்கள் போகுமுன் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று வந்தவர், தட்டை அவள் மடியிலிருந்து குழந்தையைப் பிடுங்குவது போலப் பிடுங்கினார்.

"துலக்கினா சத்தம் போயிடும் அண்ணி. இந்தக் கறுப்பு ஏற இருபது வருஷம் ஆகும். அண்ணன் விரல் ரேகை படக்கூட விடமாட்டாரே."

"நாளைக்கு ஒருத்தர் எடுத்துட்டுப் போறாரு தம்பி. பளிச்சுன்னு குடுக்கலாமேன்னு பாத்தேன்."

"தட்டு மட்டுமா?"

"எல்லாமேதான். ஏழுக்குப் பேசி முடிச்சேன்" என்றாள், கொஞ்சம் பெருமையாகவே.

"ஏழு என்ன?"

"ஏழாயிரம்."

கீபோர்டுக்காரர் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். "அண்ணி, இந்தத் தட்டு ஒண்ணு மட்டும் பன்னெண்டு போகும். பழசுக்கே. புதுசா யாரும் இப்ப இப்படிச் செய்யறதில்ல."

"அவர் ஆயிரத்து இருநூறுன்னு சொன்னாரே."

அந்த மனிதர் நாக்கைக் கடித்துக்கொண்டார். ஜன்னலைப் பார்த்தார், காலைப் பார்த்தார், பழத்தைப் பார்த்தார். கத்தரிக்காய் முற்றினால் கடைத்தெருவுக்கு வந்துதானே ஆக வேண்டும். தையல்காரம்மா எழுந்து கதவை மறித்துக்கொண்டு நின்றாள்.

"சொல்லிட்டுப் போங்க தம்பி."

சொன்னார். அது குழுவில் வழக்கமாம். யார் புதுச் சாமான் வாங்கினாலும், நிகழ்ச்சி முடிந்து திரும்புகிற வேனிலேயே அதற்கு ஒரு வீட்டு விலை முடிவாகுமாம். வீட்டுப் பெண்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வார்கள், ஆளுக்கு ஒன்று சொன்னால் மாட்டிக்கொள்வோம் என்று எல்லோருமாகக் கூடி ஒரே விலையாகப் பேசிவைத்துக்கொள்வார்களாம். "ஒரு சைபரை வேன்லயே இறக்கி விட்டுட்டுத்தான் வீட்டுக்கு வருவோம் அண்ணி. என் கீபோர்டும் அப்படித்தான். தயவுசெஞ்சு எங்க வீட்ல சொல்லிடாதீங்க."

"மூவாயிரம்னு சொன்ன டிரம்?"

"முப்பது."

"இவ்வளவு பணம் ஏது?"

"ஹோட்டல் கச்சேரிக்கு அண்ணன் வீட்ல என்ன சம்பளம்னு சொல்லியிருந்தாரோ, அதுக்கு மேல கொஞ்சம் வரும். அதைத்தான் சேர்த்தாரு. வேற தப்பு ஒண்ணும் கிடையாது அண்ணி, சத்தியமா. குடி கிடையாது, சீட்டு கிடையாது. இது ஒண்ணுதான்."

அவரை அனுப்பிவிட்டு அவள் படத்தின் முன்னால் போய் நின்றாள். கோபம் என்றால் அப்படியொரு கோபம். எட்டு மாதத்தில் இந்த மனிதர்மேல் வந்த முதல் கோபம் இதுதான். இருபது வருடத்துக்கு முன்னால், மகள் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது, ஒரு மோட்டார் வாங்கி மெஷினில் மாட்டித் தாருங்கள் என்று கேட்டாள். காலில் வலி அப்போதே ஆரம்பித்துவிட்டது. அவர் என்ன சொன்னார்? "உன் மிதிச் சத்தம் இல்லாம என் கை ஓடாதே. அதுதானே எனக்குத் தாளம்." உண்மையில் அப்படித்தான் பழகுவார். இவள் முன்னறையில் நீளத் தையல் ஓட்டினால் அவர் பின்னறையில் அந்த வேகத்துக்குத் தலையணையில் அடிப்பார், இவள் நிறுத்தினால் அவரும் நிறுத்துவார். அந்தப் பேச்சை அவள் எத்தனை பேரிடம் பூரித்துப்போய்ச் சொல்லியிருப்பாள்! மோட்டாருக்கு அப்போது இரண்டாயிரம்கூட ஆகியிருக்காது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டுப் போயிருக்கிறார் மனிதர்.

"என் முழங்காலைத் தின்னுட்டுத்தான் அந்தத் தட்டு அங்க உக்காந்திருந்ததா?" என்று கேட்டாள். படத்தில் அவர் சிரித்துக்கொண்டே இருந்தார். அது இன்னும் எரிச்சலாக இருந்தது. படத்தை முகம் சுவரைப் பார்க்கத் திருப்பி மாட்டினாள்.

ஆனால் பொல்லாத ஞாபகம் ஒன்றும் கூடவே வந்தது. தட்டு வாங்கும்போதெல்லாம் அவர் கடையிலிருந்து இரண்டு மூன்றை ஒருநாள் கேட்டு வாங்கி வருவார். "நீ தைச்சுக்கிட்டே இரு. பாக்காதே. எது நல்லாருக்குன்னு மட்டும் சொல்லு." பின்னறையில் ஒவ்வொன்றாகத் தட்டுவார். பெரிய தட்டு வாங்கிய அன்றும் முதலில் வந்தது தகரம், இரண்டாவது பரவாயில்லை, மூன்றாவது... மூன்றாவதைத் தட்டியபோது அவள் கால் மிதியிலேயே நின்றுவிட்டது. மழை விட்ட பிறகும் ஓட்டில் சொட்டுகிற மாதிரி அது அடங்கவே இல்லை. "இதுதான்! இதை விட்டுடாதீங்க!" என்று கத்தினாள். பின்னறையில் முக்காலி கிறீச்சிட்டது. பிறகு, "இதுதானா? நல்லா யோசிச்சுச் சொல்லு" என்று ஈனசுரத்தில் ஒரு குரல் வந்தது. விலையைக் கேட்டாள். முகம் வெளுத்துப்போய், தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்று ஆயிரத்து இருநூறு என்றார். அதற்கு முன் வாங்கிய தட்டுகளிலும் இதே கதைதான். எதில் விலை அதிகமோ அதில்தான் இவள் காது போய் நிற்கும். பாவம், அவர் முகம் அப்படி வெளுத்ததன் காரணம் இப்போதுதான் புரிந்தது. அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தது. படத்தைத் திரும்பவும் இந்தப் பக்கம் திருப்பினாள். மன்னித்தாள் என்று சொல்ல முடியாது. முகம் பார்க்காமல் திட்டுவது கஷ்டமாக இருந்தது, அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை காலை வேன் வந்தது. தையல்காரம்மா ஐந்நூறை நீட்டினாள்.

"என்னம்மா இது? பேசின பேச்சுன்னு ஒண்ணு இல்லையா?"

"விவரம் தெரியாம பேசிட்டேன். தப்பு என்னுதுதான். எடுத்துக்கங்க."

"சரி, வயசானவங்க. எட்டு வச்சுக்கங்க." அவள் ஐந்நூறை இன்னும் கிட்டே நீட்டினாள். "பத்து." வேன்காரர் ஹாரன் அடித்தார். "வண்டி வாடகை வேற நிக்குது, பதினஞ்சு தரேன், எடுங்கம்மா." நீட்டிய கையை அவள் மடக்கவில்லை. கடைக்காரர் குரலைத் தாழ்த்தி, "இருபது. இதுக்கு மேல ஒரு பைசா கிடையாது" என்றார்.

"நேத்து வாயைப் பிளந்திருந்த மரம் ராத்திரியோட ராத்திரியா வாயை மூடிக்கிச்சா, கடைக்காரரே?"

அவர் முகத்தில் முதல்முறையாகத் துக்கம் இல்லை. மீசை துடித்தது. ஐந்நூறைப் பிடுங்கிக்கொண்டு போனார்.

சொல்லிவிட்டாள், ஆனால் உள்ளுக்குள் கணக்கு ஓடியது. இருபது என்பது மெஷினுக்குப் போக மிச்சமும் வருகிற பணம். ஏன் விட்டாள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கீபோர்டுக்காரர் நாற்பது கேளுங்கள், முப்பத்தைந்துக்குக் கீழே இறங்காதீர்கள் என்றிருந்தார். ஒன்பதை அழித்துவிட்டு நாற்பது என்று போட்டதும் கைப்பேசியில் ஊரே திரண்டு வந்து சிரித்தது. "அம்மா, டிரம்ஸ் தங்கமா?" "பன்னெண்டுன்னா இப்பவே வரேன்." ஒருவர் தன்னுடைய பழைய சைக்கிளும் மூவாயிரமும் தருவதாகச் சொன்னார். இன்னொருவர் அடிமாட்டு விலைக்குக் கேட்டுவிட்டு, "எங்களுக்கும் குடும்பம் இருக்கு" என்று வேறு எழுதினார். புதன்கிழமை முழுக்க ஒருத்தரும் வரவில்லை. மெஷின்காரர் வாசல் வழியாகப் போகும்போது, "வெள்ளிக்கிழமைம்மா, ஞாபகம் இருக்குல்ல?" என்று கேட்டுவிட்டுப் போனார். அன்று ராத்திரி சேமிப்பை இரண்டு தடவை எண்ணிப் பார்த்தாள்.

வியாழக்கிழமை மத்தியானம் ஒருவன் வந்தான். முப்பது வயதிருக்கும், லிப்ட் பழுதுபார்க்கிற வேலை, சட்டைப்பையில் கிரீஸ் கறை. வாரக்கடைசியில் நண்பர்களோடு வாசிப்பானாம். டார்ச் எதுவும் அடிக்கவில்லை. உறைகளைத்தான் முதலில் பார்த்தான். "யாரும்மா தைச்சது?" என்று கேட்டுவிட்டு ஜிப்பை மெதுவாகத் திறந்தான். விரல் முட்டியால் ஒவ்வொரு டிரம்மாகத் தட்டிப் பார்த்தான்.

"தரையில நிக்கிற டிரம்முக்கு ஒரு கால்ல மரை தேஞ்சிருக்கும்மா, அது நானே போட்டுக்குவேன். தோல் மாத்தணும். மத்தபடி... இப்படி வச்சிருக்கற சாமானை நான் பாத்ததில்ல. வாசிச்சுப் பாக்கலாமா?"

"வாசிங்க தம்பி" என்றுவிட்டு அவள் முன்னறைக்குப் போய்த் தன் மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். எப்போதும் அங்கிருந்துதான் கேட்டுப் பழக்கம்.

அவன் கை அவர் கை இல்லை. கொஞ்சம் அவசரம், கொஞ்சம் அழுத்தம் அதிகம். ஆனால் பெரிய தட்டுக்கு வந்ததும் அவனாகவே நிதானித்தான். ஒருமுறை தொட்டுவிட்டு, அது அடங்குகிற வரைக்கும் காத்திருந்தான். எட்டு மாதத்தில் அந்த வீட்டில் கேட்காத சத்தம். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவர் போன அன்றைக்குக்கூட இப்படி அழவில்லை. வந்தவர்களைக் கவனிக்கவே அன்று நேரம் சரியாகப் போய்விட்டது.

அவன் வெளியே வந்தான். "நாப்பது நியாயம்தான்மா. குறைச்சுக் கேக்கறது பாவம். ஆனா என்கிட்ட முப்பத்தெட்டுதான் இருக்கு. மீதி ரெண்டை அடுத்த மாசம்..."

"முப்பத்தெட்டு போதும். உறையைக் கழுவறப்ப சுடுதண்ணி ஊத்தாதீங்க, பஞ்சு திரண்டுடும்."

பணம் கை மாறியது. மெஷின் வந்துவிட்டது, காலும் தப்பியது. அவன் ஒவ்வொன்றாக நெஞ்சோடு அணைத்துத் தூக்கிப்போய்ச் சின்ன வண்டியில் ஏற்றினான். கடைசியாகப் பெரிய தட்டை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டும்போது அவன் கைப்பேசி அடித்தது. மனைவி போலிருக்கிறது. அவன் தோளைத் திருப்பிக்கொண்டு குரலை இறக்கினான்.

"ஆமா, பாத்தேன்... சும்மா பழசுதான்... இல்லல்ல, அவ்வளவெல்லாம் இல்ல. மூவாயிரத்து எண்ணூறு."

தையல்காரம்மா பின்னாலேயே நின்றிருந்தாள். அவனிடம் கையை நீட்டினாள். அவன் திரும்பிப் பார்த்து, ஏதோ அம்மாவிடம் மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி கைப்பேசியைக் கொடுத்துவிட்டான்.

"அம்மாடி, நான்தான் வித்தவ பேசறேன். முப்பத்தெட்டாயிரம். இரு, கத்தாதே, சொல்றதைக் கேளு. சாமான் அந்த விலை பெறும். பெரிய தட்டு மட்டுமே பன்னெண்டு. எங்கயாவது எழுதி வச்சுக்கோ. நாளைப்பின்ன எவனாவது டார்ச்சைத் தூக்கிட்டு வந்து மூணுக்குக் கேட்டா ஏமாந்துடாதே."

அந்தப் பக்கம் பாத்திரம் ஒன்று ணங்கென்று விழுந்தது. பிறகு பெண்குரல் உடைந்து வந்தது. "முப்பத்தெட்டாம்மா? ரெண்டு வருஷமா துணி துவைக்கற மெஷின் ஒண்ணு கேக்கறேன். கை வெடிச்சுப் போச்சு. பணம் இல்ல, பணம் இல்லன்னே சொல்றாரு."

தையல்காரம்மா அவனைப் பார்த்தாள். அவன் தட்டைப் பிடித்துக்கொண்டு தலைகுனிந்து நின்றான்.

"கேளும்மா" என்றாள். "அவர் வீட்டுக்கு வந்ததும் கேளு. சண்டை போட்டுக் கேளு. ஆள் இருக்கறப்பவே கேட்டுடணும்."